ஃபாதர் உட்காரக் கூடாத நாற்காலி

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க!

நடுவர் ஐயா அவர்களே, திருவிழா வேலைகளுக்கு நடுவிலும் முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கிற பங்குத்தந்தை அவர்களே, அருட்சகோதரிகளே, எதிரணி நண்பர்களே, பனி இறங்குகிற நேரத்திலும் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து கேட்கிற ஏற்காட்டு மக்களே, எஸ்டேட்டுகளிலிருந்து நடந்தும் ஜீப்பிலும் வந்திருக்கிற சொந்தங்களே, எல்லாருக்கும் என் வணக்கம். நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறைகளுக்குக் கணக்கு எழுதுகிறவன். இன்றைக்கு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்தது இந்தத் தலைப்புக்காகத்தான்.

தலைப்பு இது: கத்தோலிக்கப் பொதுநிலையினரின், அதாவது குருக்களும் துறவிகளும் அல்லாத நம்மைப் போன்றவர்களின், விசுவாசம் இன்று முதலில் வெளிப்பட வேண்டிய இடம் ஆலயமா, ஊர்ப்பொதுவா? எனக்கு முன்னால் பேசிய அக்கா ஆலயமே என்றார். வீட்டு வேலையில் ஓடியாடிய மார்த்தாவைவிட, ஆண்டவரின் காலடியில் உட்கார்ந்து கேட்ட மரியாதான் நல்ல பங்கைத் தேர்ந்தெடுத்தாள் என்றார். பொதுக்காரியத்தில் இறங்கினால் கட்சி உள்ளே வந்து, இந்தக் கோவிலைச் சேர்ந்த மக்களாகிய நம் பங்கு இரண்டாகப் பிளந்துவிடும் என்றார். நாம் எண்ணிக்கையில் சிறியவர்கள், அமைதியாக இருப்பதே பாதுகாப்பு என்றார். கடைசியாக, "ஊர்ப் பிரச்சினைக்குப் பேச ஆயர்கள் இருக்கிறார்கள், ஃபாதர்கள் இருக்கிறார்கள், நாம் செபித்தால் போதும்" என்று முடித்தார். அந்த வரிக்குத்தான் கூட்டத்தில் பெரிய கைதட்டல். ஆகவே நான் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஐயா, திருச்சபை இதை நேர்மாறாகச் சொல்கிறது. 1983-இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பை எடுத்துப் பாருங்கள். அரசு அதிகாரத்தைக் கையாளுகிற பொதுப் பதவிகளைக் குருக்கள் ஏற்கக் கூடாது என்று 285-ஆம் சட்டம் தடுக்கிறது. கட்சிகளிலும் தொழிற்சங்கத் தலைமையிலும் அவர்கள் முனைந்து ஈடுபடக் கூடாது என்கிறது 287-ஆம் சட்டம். திருச்சபையின் உரிமையைக் காக்கவோ பொதுநன்மைக்காகவோ தேவை என்று மேலதிகாரம் கருதினால் மட்டும் அதற்கு விலக்கு உண்டு. நமக்கு இந்தத் தடை கிடையாது. நமக்கென்று இருப்பது 225-ஆம் சட்டம். உலகக் காரியங்களுக்குள் நற்செய்தியின் மனப்பான்மையைக் கொண்டுபோவது பொதுநிலையினருக்கே உரிய கடமை என்கிறது அது.

இப்போது யோசித்துப் பாருங்கள். சேலம் மாநகராட்சியில் 60 வார்டு, 60 நாற்காலி. இந்த மலையில் ஊராட்சிகள் இருக்கின்றன, ஒன்றியம் இருக்கிறது. எஸ்டேட்டில் தொழிற்சங்கம் இருக்கிறது. ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பெற்றோர் உட்கார வேண்டிய மேலாண்மைக் குழு இருக்கிறது. அந்த நாற்காலிகளில் ஃபாதர் உட்காரக் கூடாது, அல்லது உட்கார வழியே இல்லை. அவருக்குத் திருச்சபை மூடி வைத்த கதவு, நமக்குத் திறந்து வைத்த கதவு. நாமும் போகாமல் "ஃபாதர் பார்த்துக்குவார்" என்று வீட்டில் இருந்துவிட்டால் அங்கே யார் போவது? ஆயர்கள் எத்தனை அறிக்கை விட்டாலும் அந்த நாற்காலி காலியாகவே கிடக்கும். நான் இன்றைக்குச் சொல்ல வந்தது இது ஒன்றுதான். மீதி எல்லாம் இதற்கு விளக்கம்.

1965 டிசம்பர் 7, இரண்டாம் வத்திக்கான் சங்கம் முடிவதற்கு முந்தைய நாள். அன்றைக்கு வெளியான 'இன்றைய உலகில் திருச்சபை' என்ற ஏட்டின் 43-ஆம் எண்ணை அக்கா ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். எந்தச் சிக்கல் வந்தாலும் உடனே தீர்வு சொல்லுகிற அளவுக்கு மேய்ப்பர்கள், அதாவது ஆயர்களும் குருக்களும், நிபுணர்கள் என்று பொதுநிலையினர் நினைக்க வேண்டாம், அது மேய்ப்பர்களின் பணியும் அல்ல என்று அதில் எழுதியிருக்கிறது. ஆயர்கள் கூடி, தங்களைப் பற்றியே எழுதி ஒப்புக்கொடுத்த வாசகம் இது. அதே எண்ணில் இன்னொன்றும் இருக்கிறது. வாயால் அறிக்கையிடுகிற விசுவாசத்துக்கும் அன்றாட வாழ்க்கைக்கும் நடுவில் விழுந்திருக்கிற பிளவை இந்தக் காலத்தின் பெரிய தவறுகளில் ஒன்றாக எண்ண வேண்டும் என்கிறது. ஞாயிறு பூசைக்குக் கூட்டம் குறைந்தால் நாம் எல்லாரும் கவலைப்படுகிறோம். பூசை முடித்து வெளியே போகிற கூட்டம் திங்கட்கிழமை என்ன செய்கிறது என்று கவலைப்படுவது யார்?

சரி, இதற்குச் சாட்சி யார் என்று நடுவர் கேட்கலாம். இந்தியப் பொதுநிலையினரில் முதன்முதலாகப் புனிதர் பட்டம் பெற்றவரையே கூப்பிடுகிறேன். 2022 மே 15 அன்று உரோமையில் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம். நட்டாலத்தில் 1712-இல் பிறந்தவர், திருவிதாங்கூர் அரண்மனை ஊழியர், குடும்பஸ்தர். அவருக்கு விசுவாசம் கிடைத்த இடம் கோவில் அல்ல, வேலை பார்த்த இடம். 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, அப்புறம் திருவிதாங்கூர் படைக்கே பயிற்சி கொடுத்த டச்சுத் தளபதி டி லனாய். அவரும் குரு அல்ல, போர்வீரர். மனம் நொந்து போயிருந்த நண்பருக்கு அவர், துன்பத்திலும் கடவுளை விடாத யோபுவின் கதையைச் சொன்னார். ஒரு பொதுநிலையினர் இன்னொரு பொதுநிலையினரிடம், வேலைக்கு நடுவில் பேசிய பேச்சு. 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம். ஏழே வருஷத்தில், 1752 ஜனவரி 14 அன்று, காற்றாடிமலையில் துப்பாக்கிக் குண்டு. சாதி வேற்றுமை பார்க்காமல் எல்லாரையும் சமமாக நடத்தியது, அவர்மேல் மேல்சாதியினருக்கு வந்த கோபத்துக்குப் பெரிய காரணம். கோவிலுக்குள் மட்டும் கும்பிட்டுவிட்டு அரண்மனைக்குப் போயிருந்தால் அவரை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

அந்தக் கதைக்கு நம் காலத்திலேயே ஒரு தொடர்ச்சி உண்டு. புனிதர் பட்ட ஏற்பாடுகள் நடந்தபோது அவர் பெயரோடு சாதிப் பெயரும் ஒட்டிக்கொண்டே வந்தது. சாதியை எதிர்த்து உயிர் கொடுத்தவரின் பெயரில் சாதியா என்று கேட்டு வத்திக்கானுக்கு எழுதியவர்களில் ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி ஒருவரும் உண்டு. பொதுநிலையினர்தான். வத்திக்கான் அதைக் கேட்டது, சாதிப் பெயரை எடுத்துவிட்டது. மேய்ப்பர்களிடம் தங்கள் கருத்தைச் சொல்வது விசுவாசிகளின் உரிமை, சில நேரம் கடமையும்கூட என்று 212-ஆம் சட்டம் சொல்கிறதே, அதன் நடைமுறை இதுதான்.

மாயூரம் வேதநாயகம் பிள்ளையைத் தமிழின் முதல் நாவலாசிரியராகப் பிள்ளைகளுக்குத் தெரியும். அவர் கத்தோலிக்கர், முன்சீப்பாக நீதி வழங்கியவர், பெண் கல்விக்காக எழுதியவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 1876-இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் நம் சேலம் ஜில்லாவை உலுக்கி எடுத்தது. அதே பஞ்சத்தில் மாயூரத்தில் தன் கைப்பொருளைப் போட்டுப் பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றியவர் அவர். வந்தவன் ஞானஸ்நானம் பெற்றவனா என்று பார்க்கவில்லை. குமரிக் கடற்கரையிலிருந்து வந்த லூர்தம்மாள் சைமன் 1957-இல் காமராஜர் அமைச்சரவையில் உள்ளாட்சித் துறையைக் கையில் எடுத்தார். கத்தோலிக்கப் பெண், மீனவ சமூகம். "கோவிலுக்குள்ளேயே இரும்மா" என்று அன்றைக்கு அவரை யாராவது உட்கார வைத்திருந்தால் தமிழ்நாட்டுக்கு நஷ்டம், திருச்சபைக்கு அதைவிட நஷ்டம்.

இப்போது மார்த்தா, மரியா. அக்கா லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தின் கடைசியை வாசித்தார். அதே அதிகாரத்தில் நாலு வரி மேலே போனால் என்ன இருக்கிறது? நல்ல சமாரியர். இரண்டையும் லூக்கா பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார். எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்குகிற மலைப்பாதை அது. மலைப்பாதையில் இருட்டிய பிறகு அடிபட்டுக் கிடந்தால் என்ன ஆகும் என்று ஏற்காட்டுக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆலயப் பணிக்கு உரிய குரு வந்தார், கண்டார், விலகிப் போனார். ஆலய ஊழியரான லேவியர் வந்தார், அவரும் அப்படியே. நின்றவர் ஆலயத்துக்குள்ளேயே ஏற்றுக்கொள்ளப்படாத ஒரு சமாரியர். அவர் காயத்துக்கு எண்ணெய் ஊற்றியதோடு விடவில்லை. சத்திரத்தில் சேர்த்தார், இரண்டு தெனாரியம் கொடுத்தார், மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று கணக்கும் பேசினார். ஆண்டவர் "நீரும் போய் அப்படியே செய்யும்" என்றார். அதற்கு அப்புறம்தான் மார்த்தாவின் வீட்டுக்குள் போகிறார். அந்த வீட்டில் மரியா ஆண்டவரின் காலடியில் உட்கார்ந்து கேட்டாள், உண்மை. என்ன கேட்டாள்? வழியெல்லாம் அவர் சொல்லிவந்த அதே வார்த்தையைத்தான். செபம் வேண்டாம் என்று எங்கள் அணியில் ஒருவரும் சொல்லவில்லை. கையில் செபமாலை இல்லாமல் நான் பட்டறைத் தெருவில் கால் வைப்பதில்லை. ஆண்டவரின் காலடியில் கேட்டதை எங்கே கொண்டுபோய்ச் செலவழிக்கிறோம் என்பதுதான் இன்றைய கேள்வி.

அடுத்து, கட்சி உள்ளே வந்துவிடும் என்ற பயம். இது நியாயமான பயம், நான் மதிக்கிறேன். ஆனால் கட்சி எப்போது கோவில் வாசலுக்கு வருகிறது என்று பாருங்கள். தேர்தல் அறிவித்ததும் வேட்பாளர்கள் சால்வையை எடுத்துக்கொண்டு எங்கே போகிறார்கள்? ஆயர் இல்லத்துக்கும் பங்குத்தந்தை வீட்டுக்கும். ஏன்? நம்மில் பொதுக்காரியம் பேசுகிற ஆளே அவர்கள் கண்ணில் படுவதில்லை. ஒரு ஃபாதரைப் பார்த்துவிட்டால் ஒரு பங்கின் ஓட்டு மொத்தமாக வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். நம் தெருவில் குடிநீர்க் குழாய்க்காக மனு எழுதியவர், ரேஷன் கடையில் எடைக்காகச் சண்டை போட்டவர், வார்டில் நடக்கும் பகுதி சபையில் எழுந்து கேள்வி கேட்டவர் என்று பத்து கத்தோலிக்கர் இருந்தால் அந்த வேட்பாளர் அவர்களிடம் வந்து பதில் சொல்ல வேண்டும். பங்குத்தந்தை நிம்மதியாகப் பூசை வைப்பார். நாம் ஒதுங்கி நிற்பதுதான் ஆலயத்தை ஓட்டு வங்கியாக்குகிறது. அந்தப் பத்துப் பேரும் ஒரே கட்சியில் இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. உலகக் காரியங்களில் பொதுநிலையினருக்கு மற்றக் குடிமக்களுக்கு உள்ள அதே சுதந்திரம் உண்டு, ஆனால் கருத்துக்கு இடமுள்ள விஷயங்களில் தன் சொந்தக் கருத்தைத் திருச்சபையின் போதனை என்று யாரும் காட்டக் கூடாது என்று 227-ஆம் சட்டம் வேலி போட்டிருக்கிறது. அந்த வேலி போதும்.

எண்ணிக்கையில் சிறியவர்கள் என்றார் அக்கா. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஆறு பேர். சேலம் மாவட்டத்தில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. ஒப்புக்கொள்கிறேன். அதனால் அமைதியாக இருப்போம் என்பதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச நடுவர் அனுமதிக்க வேண்டும், ஏனென்றால் நம் அமைதிக்கு விலை கொடுக்கிறவர்கள் நம் மத்தியிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

1950 ஆகஸ்ட் 10 அன்று குடியரசுத் தலைவர் ஆணை ஒன்று வந்தது. அதன் மூன்றாம் பத்தி, இந்து அல்லாத ஒருவரைப் பட்டியல் சாதியினராகக் கருத முடியாது என்றது. 1956-இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990-இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்று வரை வெளியே. பழங்குடியினருக்கு இந்த மதத் தடை கிடையாது. இந்த மலையின் பழங்குடி மக்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் பழங்குடியினர்தான், அதுதான் நியாயம். ஆனால் பட்டியல் சாதியில் பிறந்த ஒருவர் ஞானஸ்நானம் வாங்கினால், தெருவில் அவரை அழைக்கிற பெயர் மாறுவதில்லை, டீக்கடையில் பார்க்கிற பார்வை மாறுவதில்லை, தாலுகா ஆபீஸ் சான்றிதழ் மட்டும் மாறிவிடுகிறது. தனித்தொகுதியில் அவர் நிற்க முடியாது. பட்டியலினத்தாருக்கு ஒதுக்கிய ஊராட்சித் தலைவர் பதவிக்கும் நிற்க முடியாது. சாதி சொல்லி அடித்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவருக்குக் கைகொடுப்பதில்லை. தமிழ்நாட்டுக் கத்தோலிக்கரில் பாதிக்கும் மேல் தலித் மக்கள். அப்படியென்றால் இது யாரோ சிலருடைய பிரச்சினை இல்லை, நம் பங்கின் பிரச்சினை.

2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்தப் பத்தியையே நீக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றத்துக்கு 2004-இலேயே வழக்கு போனது. 2022-இல் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம். 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றமே தீர்மானம் நிறைவேற்றியது. இத்தனை நடந்த பிறகும் பங்கில் நாம் செய்வது என்ன? ஆகஸ்ட் 10 கருப்பு தினம் என்று கொடி ஏற்றுகிறோம், ஃபாதர் அறிக்கை வாசிக்கிறார், கோஷம் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறோம். பதினோராம் தேதி யார் அந்த வேலையைத் தொடர்வது? சேலம் மறைமாவட்டம் 1930-இல் பிறந்தது. இந்த மலையில் மான்ட்போர்ட் பள்ளி 1917-இல் வந்தது. இத்தனை தலைமுறையாக நம் பள்ளிகளில் படித்து வெளியே போன கத்தோலிக்க வழக்கறிஞர்கள் எங்கே, அதிகாரிகள் எங்கே, பத்திரிகையாளர்கள் எங்கே? ஓர் ஆணையத்தின் முன்னால் போய்ச் சாட்சி சொல்ல, சான்றிதழ் மறுக்கப்பட்ட பிள்ளைக்கு மனு எழுத, தீர்மானம் போட்ட கட்சிகளிடம் போய் "அடுத்து என்ன" என்று கேட்க குருத்துவப் பட்டம் தேவையில்லை. படித்த படிப்பு போதும்.

எதிரணி இதற்குச் சொல்லப்போகும் பதில் எனக்குத் தெரியும். "முதலில் கோவிலுக்குள் இருக்கிற சாதியை ஒழியுங்கள்" என்பார்கள். ஒழிக்கத்தான் வேண்டும். கல்லறைத் தோட்டத்தில் சாதிச் சுவர் நின்ற ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு, வெட்கத்தோடு சொல்கிறேன். சாதிப் பாகுபாடு பெரிய சமூகப் பாவம் என்று 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை தன் தலித் கொள்கையில் எழுதியே வைத்தது. ஆனால் அந்தச் சுவரைக் கோவிலுக்குள் கொண்டுவந்தது எது? வாடகைக்கு வீடு கேட்டு வருகிறவரிடம் நாம் கேட்கிற கேள்வி. மகளுக்கு மாப்பிள்ளை தேடும்போது விளம்பரக் கட்டத்தில் நாம் எழுதுகிற வார்த்தை. பட்டறையில் தண்ணீர்க் குடத்தை யார் தொடலாம் என்று நாம் வைத்திருக்கிற வழக்கம். அந்த இடங்களுக்கெல்லாம் மறையுரை எட்டாது. அங்கே இருப்பது நாம் மட்டும்தான்.

அப்புறம் கணக்கு. கணக்கு எழுதுகிறவன் என்பதால் இதை விட்டுவிட்டுப் போக முடியவில்லை. ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு கட்டாயம் இருக்க வேண்டும் என்கிறது 537-ஆம் சட்டம். விசுவாசிகள் கொடுக்கிற காணிக்கைக்கு அவர்களிடம் கணக்குக் காட்ட வேண்டும் என்கிறது 1287-ஆம் சட்டம். நான் பார்த்த ஒரு பங்கில் திருவிழாக் கணக்கைக் கேட்பதே அவமரியாதை என்று நினைத்தார்கள். கேட்டவரை விசுவாசம் குறைந்தவர் என்றார்கள். அதே ஊரில், மேலாண்மைக் குழு உறுப்பினராக அரசுப் பள்ளியில் உட்கார்ந்து பழகிய பெண்கள் சிலர் பங்குப்பேரவைக்கு வந்தார்கள். 2009-இன் கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கழிப்பறைக்குத் தண்ணீர் வரவில்லை என்று தீர்மானம் எழுதி, கையெழுத்து வாங்கி, அதிகாரி பின்னால் நடந்து, வேலையை முடித்துக் காட்டியவர்கள். அவர்கள் யாரையும் குறை சொல்லவில்லை. வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கோவில் பலகையில் ஒட்டலாமே என்று அமைதியாகக் கேட்டார்கள். ஒட்டினார்கள், காணிக்கை கூடியது. ஊர்ப்பொதுவில் கற்றுக்கொண்ட நேர்மை ஆலயத்துக்குள் திரும்பி வந்தது. ஆலயத்தைக் காப்பதற்கும் எங்கள் அணியின் வழிதான் நல்ல வழி, ஐயா.

என் தொழிலிலிருந்து ஒன்று சொல்கிறேன். கொலுசைக் கடைக் கண்ணாடிக்குள் வைத்துப் பார்த்தால் எல்லாம் ஒரே பளபளப்பு. டச், அதாவது வெள்ளியின் சுத்தம், எவ்வளவு என்று உருக்கிப் பார்த்தால்தான் தெரியும். விசுவாசமும் அப்படித்தான், கூலி கொடுக்கிற சனிக்கிழமை சாயங்காலம் தெரியும். வீட்டில் உட்கார்ந்து கொலுசுக்குப் பற்றவைத்துக் கொடுக்கிற பெண்களுக்கு எடை பார்த்துக் கூலி. அந்தத் தராசு சரியாக நிற்கிறதா? 1891-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ தொழிலாளரின் நியாயக் கூலிக்காகச் சுற்றுமடல் எழுதினார். 2025 மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை அந்த லியோவை நினைத்தே பதினான்காம் லியோ என்று பெயர் வைத்துக்கொண்டார். உரோமை அந்தப் பெயரை மறுபடி எடுத்திருக்கிறது. சேலத்தின் செவ்வாய்ப்பேட்டையிலும் குகைப் பகுதியிலும் இந்த மலையின் காப்பித் தோட்டங்களிலும் அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று காட்ட வேண்டியது முதலாளியாகவும் மேஸ்திரியாகவும் தொழிலாளியாகவும் இருக்கிற கத்தோலிக்கர்தான். குடியிருக்க வீடு, குடிக்கத் தண்ணீர், கைக்குழந்தைக்குக் காப்பகம், இவையெல்லாம் 1951-இலேயே தோட்டத் தொழிலாளருக்குச் சட்டத்தில் எழுதப்பட்ட உரிமைகள். டிசம்பரில் பழம் பறிக்கிற தாய் தன் குழந்தையை எங்கே விட்டுவிட்டு வருகிறாள் என்று கேட்பதும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக்காலத் தயாரிப்புதான்.

இந்த மலைக்கும் ஒரு வார்த்தை சொல்லாமல் இறங்கக் கூடாது. பாக்சைட்டை வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்குக் கொண்டுபோன மலை இது. கோடை விழாவுக்கு வண்டி வரிசை கட்டி வருகிறது, கோடையிலேயே குடிதண்ணீருக்குக் குடமும் வரிசை கட்டுகிறது. பூமி நம் பொதுவீடு என்று 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் எழுதியதை நாம் மறைக்கல்வி வகுப்பில் படம் வரைந்து ஒட்டினோம். கட்டட அனுமதி, குப்பை, நீரோடை, வன உரிமை, இவையெல்லாம் முடிவாகிற இடம் ஊராட்சியும் கிராம சபையும். அங்கே சேர்வராயன் கோவிலுக்குப் போகிற அண்ணனும் தொழுகைக்குப் போகிற பாயும் நம் பக்கத்தில் உட்காருவார்கள். தண்ணீர்க் கேள்வியை மூன்று பேரும் சேர்ந்துதான் கேட்க வேண்டும். எட்டுவழிச் சாலைக்கு நிலம் அளந்த 2018-இல் நம் மாவட்டத்து விவசாயிகள் அப்படித்தான் சேர்ந்து நின்றார்கள், யார் எந்தக் கோவில் என்று யாரும் கேட்கவில்லை. சிறியவர்கள் என்று அக்கா பயந்தாரே, அந்தப் பயத்துக்கு மருந்து இந்தக் கூட்டுதான். பக்கத்து வீட்டுக்காரனின் கஷ்டத்தில் கூட நின்றவனை ஊர் எண்ணிக்கை பார்த்து எடை போடாது. ஒதுங்கி நின்ற சமூகத்துக்கு ஓர் இடர் வரும்போது குரல் கொடுக்க யார் வருவார்கள், அதையும் அக்கா யோசிக்க வேண்டும்.

மணி அடித்துவிட்டார்கள். இன்னும் கொஞ்சம்தான், ஐயா.

இன்றைக்குத் திரு இருதய ஆண்டவர் திருவிழா. 2024 அக்டோபரில் திருத்தந்தை பிரான்சிஸ் எழுதிய கடைசிச் சுற்றுமடல் இந்தத் திரு இருதயத்தைப் பற்றியதுதான். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பக்தி, பரிகாரம், நற்கருணை எல்லாவற்றையும் அதில் அன்போடு போற்றுகிறார். போற்றிவிட்டு, இருதயத்துக்குச் செய்கிற பரிகாரத்துக்குச் சமூகப் பொருள் உண்டு என்கிறார். வெறுப்பும் வன்முறையும் விட்டுப்போன இடிபாடுகளின்மேல் அன்பின் நாகரிகத்தைக் கட்டுவதுதான் திரு இருதயம் கேட்கிற பரிகாரம் என்று இரண்டாம் யோவான் பவுல் சொன்னதை எடுத்துக்காட்டுகிறார். எதிரணி தங்களுடையது என்று நினைத்திருக்கும் பக்தியே எங்கள் பக்கம் சாட்சி சொல்கிறது.

அடுத்துப் பெரிய திருநாள் ஆகஸ்ட் 15, மாதாவின் விண்ணேற்பு. அன்றைக்கு வாசிக்கிற நற்செய்தியில் மாதாவின் பாட்டு வரும். "வலியோரை அரியணையினின்று தூக்கி எறிந்துள்ளார், தாழ்நிலையில் இருப்போரை உயர்த்துகிறார்" என்று ஒரு கிராமத்துப் பெண், உறவுக்காரி வீட்டு வாசலில் நின்று பாடுகிறாள். அதே நாள் தமிழ்நாட்டு ஊராட்சிகளில் எல்லாம் கிராம சபை. தேர்ந்தெடுத்த தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும் சபை கூடியாக வேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற யாரும் எழுந்து பேசலாம், வரவு செலவைக் கேட்கலாம். சேலத்து வார்டுக்காரர்களுக்குப் பகுதி சபை இருக்கிறது.

நடுவர் ஐயா தீர்ப்பை எப்படி வேண்டுமானாலும் சொல்லட்டும், எதிரணியிடமே ஒன்று கேட்டுவிட்டு அமர்கிறேன். ஆகஸ்ட் 15 காலைப் பூசைக்கு அக்கா வருவார், நானும் வருவேன். பூசை முடிந்ததும் பங்கிலிருந்து ஒரு பத்துப் பேர் அப்படியே கிராம சபைக்கு நடந்து போகலாம். எஸ்டேட் லைன் வீடுகளுக்குக் குடிதண்ணீர் என்ற ஒரே ஒரு தீர்மானத்தை முன்கூட்டியே தாளில் எழுதி எடுத்துப் போகலாம். அந்தத் தாளில் முதல் கையெழுத்து அக்காவுடையதாக இருக்கட்டும். நன்றி, வணக்கம்.